புக்குல எழுதிக்கச் சொன்னாங்க



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவார்கள், சமயம் பேசுவார்கள். ஏழு வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி ஒரு பாக்கெட் சீனி வாங்கிவரச் சொல்வதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். யோசித்ததில் தவறில்லை. ஆனால் இதைப் பேச நெகிரி செம்பிலானைவிடப் பொருத்தமான மாநிலம் கிடையாது. உங்கள் பையிலிருந்து எந்த நோட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். நீல ஒரு வெள்ளியோ, பச்சை ஐந்து வெள்ளியோ, சிவப்புப் பத்து வெள்ளியோ, எதில் பார்த்தாலும் அதே முகம்தான். துவாங்கு அப்துல் ரஹ்மான். 1933 முதல் நம் மாநிலத்தின் ஆட்சியாளர், 1957இல் நாட்டின் முதல் மாமன்னர். 1967 ஜூன் 12ஆம் தேதி பேங்க் நெகாரா தன் முதல் நோட்டுகளை வெளியிட்ட நாள் தொட்டு இன்றுவரை அந்த முகம் மாறவில்லை. அந்த ஆட்சியாளரின் ஸ்ரீ மெனாந்தி அரண்மனையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அந்த லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாள்கள் மிகக் குறைவு.

காரணம் ஏழ்மை மட்டும் இல்லை. வீட்டில் சாமான் வந்துகொண்டுதான் இருந்தது. அரிசி வந்தது, சீனி வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, கருவாடு வந்தது. காசுதான் வரவில்லை. சாமானுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்ட, உள்ளங்கையில் அடங்கும் நோட்டு. இங்கே இருக்கும் பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, நான் விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கடைக்காரரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. வாங்கியதை இரண்டிலும் எழுதுவார்கள். மாதக் கடைசியில் கூட்டுவார்கள். சம்பளம் போட்டதும் அப்பா போய்க் கட்டுவார், அல்லது பாதி கட்டுவார்.

அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? பிள்ளைகள்தான். அம்மா விடியற்காலையில் பெரட்டு என்ற காலைப் பேர்ப்பதிவுக்குப் போய் மத்தியானம் பால் நிறுத்துவிட்டு வருவாள். வந்ததும் உலை வைக்க வேண்டும். தோட்டத்து முனையில் இருக்கும் கடைக்கு யார் போவது? வீட்டில் பெரிய பிள்ளை, அதாவது ஆறோ ஏழோ வயது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போவோம். கடை வாசலில் நின்று ஒரே மூச்சில் ஒப்பிப்போம்: "தவுக்கே, சீனி ஒரு கட்டி, உப்பு அரைக் கட்டி, நெத்திலி அஞ்சு காசுக்கு. அம்மா புக்குல எழுதிக்கச் சொன்னாங்க." சீனரான தவுக்கே நம்மைவிடத் தெளிவான தோட்டத்துத் தமிழில், "போன மாசப் பாக்கிய அம்மா எப்ப குடுப்பாங்கலாம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் மனப்பாடத்தில் இருக்காது.

இதில் பிள்ளை கற்றுக்கொண்டது நிறைய. நினைவு வைத்துக்கொள்வது, நிறுப்பதைக் கவனிப்பது, பேனா ஓடும்போதே தலைகீழாகத் தெரியும் எண்ணைப் படிப்பது. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் மாதக் கடைசிக் கூட்டலைச் சரிபார்த்ததே மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான். ஆகவே அந்தப் புத்தகத்தை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனமில்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று, கைக்காசு இல்லாத வாரங்களில் அடுப்பெரிந்தது அந்தப் புத்தகத்தால்தான். ஆனால் ஒன்றை அது கற்றுத்தரவே இல்லை. கையில் இருப்பது குறையும் என்பதை. ஒன்றை வாங்கினால் இன்னொன்றை வாங்க முடியாது என்பதை. புத்தகத்தில் பக்கம் தீராது. சொன்னால் எழுதுவார், எழுதினால் சாமான் வரும். தீர்ந்துபோவது என்ற ஒன்று பிள்ளையின் கண்ணில் படவே படாது. அது சம்பள நாளன்று ராத்திரி அப்பா அம்மா சண்டையாகத்தான் காதில் விழும்.

பெரியவர்களுக்கே அந்தத் தெரிவு இல்லை என்பது அடுத்த சங்கதி. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் நல்ல சட்டம். சம்பளத்தை எங்கே, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது என்றது. மதுக்கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்றது. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றது. இவ்வளவும் தாளில் சரி. தோட்டத்துக்குள் ஒரே கடை, டவுனுக்குப் போக பஸ் பிடிக்கவே மைல் கணக்கில் செம்மண் பாதை. அந்தத் தொழிலாளிக்கு, நீ விரும்பிய கடையில் வாங்கு என்று சட்டம் சொல்லி என்ன பயன்? பாக்கி இருக்கும் கடையை விட்டு வேறு கடைக்கு அவர் எப்படிப் போவார்? ஆயுள் முழுக்க விலை கேட்காமலே வாங்கிப் பழகிய ஒரு தலைமுறை அங்கே உருவானது. பின்னாளில் தோட்டம் விற்கப்பட்டு, இழப்பீட்டுத் தொகை மொத்தமாகக் கைக்கு வந்தபோது அது எப்படிக் கரைந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். குடித்துத் தீர்த்தார்கள் என்று மேடைகளில் ஏசுவது எளிது. பெரிய நோட்டைச் சில்லறையாக்கிப் பார்க்கும் பழக்கமே இல்லாத ஒருவரிடம் பெரிய நோட்டுக் கட்டைக் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் கையில் நிஜமான காசு வந்த நாளும் ஒன்று உண்டு. சம்பள நாள். ஆபீஸ் வாசலில் சின்னச் சந்தையே கூடிவிடும். சைக்கிளில் துணி மூட்டையோடு ஒருவர், மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பலகாரம் தொங்க ரொட்டி பாய், கச்சாங் பூத்தே தட்டைத் தலையில் சுமந்த ஒருவர், ஐஸ் கட்டியைச் சீவி உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றித் தரும் ஒருவர். அப்பா முகம் மலர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போய் நின்றால் பத்துக் காசு கிடைக்கும். அந்தப் பத்துக் காசை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும் நிலையைக் கவனித்திருக்கிறீர்களா? ஐஸ் உருண்டையா, கச்சாங்கா? கச்சாங் வாங்கினால் தம்பிக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். ஐஸைப் பங்கு போட முடியாது, ஆனால் கரைந்துவிடும். ஐந்து காசுக்கு ஒன்று, ஐந்து காசுக்கு இன்னொன்று என்று இரண்டையும் வாங்கலாமா? அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததுதான் காசுப் பாடம். மாதத்தில் ஒரு நாள், அதுவும் அப்பாவின் மனநிலையைப் பொறுத்து.

1989இல் வந்த நாணய வரிசையைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். ஐந்து சென்னில் பம்பரம், பத்து சென்னில் சொங்காக், ஐம்பது சென்னில் நிலாப் பட்டம். சொங்காக் நம் பல்லாங்குழிக்கு உறவுக்காரி. விளையாட்டுச் சாமான்களையே காசில் பொறித்திருக்கிறார்களே, பிள்ளைகளுக்குக் காசு சொல்லித்தர இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. 2012இல் புது வரிசை வந்து அவை போயின. இப்போதுள்ள ஐந்து சென் 17.78 மில்லிமீட்டர் அகலம், பத்து சென் 18.80. நிறமும் ஒன்று, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர். பெரியவர்களே கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம். முதலாம் ஆண்டுப் பிள்ளை தடுமாறினால் கணக்கு வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் பிரித்துப் பழகட்டும். இருபதும் ஐம்பதும் மஞ்சள் நிறம். அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

பள்ளிக்கு வருவோம். தமிழ்ப்பள்ளிக் கணிதப் பாடத்தில் பணம் முதலாம் ஆண்டிலேயே தொடங்குகிறது, பத்து ரிங்கிட் வரை. இரண்டாம் ஆண்டில் நூறு. பாடநூல் அழகாகவே இருக்கிறது. குறை எங்கே என்றால், அட்டையில் வெட்டிய காசு. அட்டைக் காசைத் தொலைத்தால் யாரும் அழுவதில்லை. தொலைத்தால் அழாத ஒன்று காசாகுமா?

இன்னொன்று, கழித்தல். வகுப்பில் எப்படிச் சொல்லித்தருகிறோம், கடையில் எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டுப்பாட்டு விலையில் சீனி ஒரு கிலோ 2.85. மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ 2.50. இரண்டும் சேர்த்து 5.35. பிள்ளை கொடுத்தது சிவப்புப் பத்து வெள்ளி. மிச்சம் எவ்வளவு? வகுப்பில் 10.00 எழுதி, கீழே 5.35 எழுதி, சுழியத்திலிருந்து ஐந்து போகாது, பக்கத்தில் கேள், அங்கேயும் சுழியம், அதற்கும் பக்கத்தில் கேள் என்று போகிறோம். பாதிப் பிள்ளைகள் அங்கேயே விழுந்துவிடுகிறார்கள். பழைய கடைக்காரர் என்ன செய்வார்? கழிக்கவே மாட்டார். பிள்ளையின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, "அஞ்சு முப்பத்தஞ்சு" என்று தொடங்குவார். ஐந்து காசை வைத்து "அஞ்சு நாப்பது". பத்துக் காசை வைத்து "அஞ்சு அம்பது". ஐம்பது காசை வைத்து "ஆறு". பிறகு நீல நோட்டு ஒவ்வொன்றாக, "ஏழு, எட்டு, ஒம்பது, பத்து." முடிந்தது. கையில் இருப்பது 4.65. கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைச் சரிபார்க்கலாம். ஏமாந்தால் எந்த இடத்தில் ஏமாந்தோம் என்றும் தெரியும். இந்த முறை எந்தப் பாடநூலிலிருந்தும் அவருக்கு வந்ததில்லை. அதை நம் வகுப்புக்குள் கொண்டுவர எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை.

இது என் தனிப்பட்ட ஆசை என்று நினைக்க வேண்டாம். பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரத்தில் தெருவில் தேங்காயும் எலுமிச்சையும் விற்ற ஐந்து பிள்ளைகளை கராகர், ஷ்லீமன் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். ஒன்பது முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள். வாடிக்கையாளர்போல் போய் நின்று கணக்குக் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரி. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது சரியானவை முப்பத்தேழுதான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் குழுவாகச் செய்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. அதுவும் இதையே சொல்கிறது, மறுபக்கத்தையும் சேர்த்து: பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டும் தானாக ஒன்றுக்கொன்று போய்ச் சேரவில்லை. யாராவது பாலம் போட வேண்டும். நாம் கணக்கு வாத்தியார்கள். நாம் போடாமல் யார் போடுவது?

காசு எண்ணுவது ஒரு படி. காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது அடுத்த படி. சின்னப் பிள்ளைகளின் மனதில் இது எப்படி இருக்கிறது தெரியுமா? ஒரு நோட்டைக் கொடுத்தோம், சாமானும் தந்து மூன்று நோட்டும் நாலு சில்லறையும் திருப்பித் தருகிறாரே, ஆகவே கடைதான் காசு தரும் இடம்! இங்கிலாந்துப் பிள்ளைகளிடமும் இதே எண்ணம் இருந்ததை ஹான்ஸ் ஃபர்த் என்ற உளவியலாளர் 1980இல் எழுதினார். லாபம் என்பது இன்னும் கடினம். கடைக்காரர் என்ன விலைக்கு விற்கிறாரோ அதே விலைக்குத்தான் வாங்கியிருப்பார் என்று நினைக்கும் பிள்ளைகளை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குஸ்தவ் யஹோடா என்ற ஆய்வாளர் கண்டார். பிறகு அதே கேள்விகளை ஜிம்பாப்வேயில் ஒன்பது, பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார். அவர்கள் பிரிட்டிஷ் பிள்ளைகளைவிட முன்னதாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் குடும்பத்தோடு சேர்ந்து விற்பனையில் கைகொடுத்தவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் பால்மரம் வெட்டுபவர் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும், மளிகைக்கடை பாய் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். மூளையில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒரு பென்சிலை வைத்து, இதை எவ்வளவுக்கு விற்கலாம் என்று கேட்டால் ஒன்று அடக்கவிலை என்னவென்று திருப்பிக் கேட்கும். இன்னொன்று மேலே பார்க்கும். மரம் வெட்டுபவர் பிள்ளைக்கு வேறொரு அறிவு இருந்தது. எந்த மரம் எவ்வளவு பால் தரும், மழை பெய்தால் எத்தனை வாளி குறையும், ஒட்டுப்பாலுக்கு என்ன கணக்கு என்று அதற்குத் தெரியும். பால் எடையிலிருந்து தோட்டத்து எழுத்தரான கிராணியின் செக்ரோல் பதிவேட்டின் வழியாகச் சம்பளம்வரை உள்ள பாதையை அந்தப் பிள்ளை நடந்தே பார்த்திருந்தது. சம்பளத்திலிருந்து சீனிக்குப் போகும் பாதைதான் புத்தகத்துக்குள் மறைந்திருந்தது.

லயத்தில் காசுக்கு மூன்றாவது ஒரு வழியும் உண்டு என்று காட்டியவர் துன் சம்பந்தன். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். சாப்பாட்டுக்கும் இல்லை, கடனுக்கும் இல்லை, நாளை ஒரு தோட்டத்தையே வாங்குவதற்கு. அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது என்ன என்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் அந்தச் சங்க ரசீது இருந்தது மட்டும் தெரியும்.

இனி இன்றைய நிலை. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கிர்பி, சுவா பெத்தோங், கெடிஸ் என்று பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டத்தைக் குறிக்கும் லாடாங் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பளம் வங்கிக்குப் போகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். வீட்டில் 555 இல்லை, கைபேசி இருக்கிறது. பிள்ளை அம்மாவோடு மினி மார்க்கெட்டுக்குப் போகிறது. அம்மா சதுரப் படத்துக்கு மேல் கைபேசியைக் காட்டுகிறாள், ஒரு சத்தம் வருகிறது, சாமான் பைக்குள் போகிறது. எங்கே குறைந்தது? பிள்ளை கண்ணுக்கு எங்கும் குறையவில்லை. நாங்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அதேதான் இது. சொல்லப்போனால் அதைவிட மோசம். புத்தகத்தைப் பிள்ளை சுமந்தது, அதில் எழுதியதைப் படித்தது. கைபேசித் திரை அம்மாவின் முகத்தை நோக்கியே இருக்கிறது.

கைபேசியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் அதில்தான் கட்டுகிறேன். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு சாமானுக்கு, பிள்ளை கையில் நிஜக் காசைக் கொடுங்கள் என்கிறேன். பச்சை ஐந்து வெள்ளியைக் கொடுத்து மூன்று சாமான் சொல்லுங்கள், இரண்டுக்குத்தான் அது போதும் என்று உங்களுக்குத் தெரிந்தே. பிள்ளை கடையில் நின்று விழிக்கட்டும். எதை விடுவது என்று அதுவே முடிவு செய்யட்டும். தப்பான ஒன்றை விட்டுவிட்டு வந்தால் அன்றைய சாம்பாரில் புளி இருக்காது, அவ்வளவுதானே? ரசீதை மடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதில் கடைசி வரியில் ஒரு காசு இரண்டு காசு கூடியோ குறைந்தோ இருக்கும். 2008 ஏப்ரல் முதல் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு மாற்றுகிறார்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தசமம் சொல்லித்தர அதைவிட நல்ல கேள்வித்தாள் நானறிந்து இல்லை.

பெற்றோர் ஒரு பயத்தைச் சொல்வார்கள். சின்னதிலேயே கையில் காசு பழகினால் பிள்ளை கெட்டுப்போகும். இதைப் பழமைப் பேச்சு என்று நான் தள்ளமாட்டேன். கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்த அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த அம்மாக்கள் சொன்னது அது. காசு ஆண் கையில் தங்காது, பிள்ளை கையில் சேரக்கூடாது என்பது அவர்கள் அனுபவம். ஆனால் அந்த அப்பாக்கள் சின்ன வயதில் காசு பழகிக் கெட்டவர்களா, பழகாமலே வளர்ந்து மாதம் ஒருமுறை மொத்தமாகக் கையில் வாங்கியவர்களா என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சாலையைக் கடக்கும் ஆபத்து வேறு விஷயம். அதற்குப் பெரியவர் கூடப் போய்க் கடை வாசலில் நிற்கட்டும், உள்ளே வர வேண்டாம்.

பள்ளிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், அதுவும் சிற்றுண்டிச்சாலை பற்றியது. பல பள்ளிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியரே காசை வாங்கி மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார், அல்லது பெற்றோர் மாதக் கட்டணமாகக் கட்டிவிடுகிறார்கள். ஏன் என்று சிற்றுண்டிச்சாலை நடத்தும் ஒரு அக்காவிடம் கேட்டேன். "சார், இதுங்க ஒவ்வொரு காசா எண்ணிக் குடுக்கறதுக்குள்ள மணி அடிச்சிருது. பின்னால நிக்கிற பெரிய புள்ளைங்க பசியில கத்துதுங்க" என்றார். அவர் சொல்வது உண்மை. ஓய்வு நேரம் குறைவு, வரிசை நீளம். ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் முதல் இரண்டு மாதம் மட்டும் முதலாம் ஆண்டு வகுப்பை மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் முன்பாக விடுங்கள். விலைப்பட்டியலைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்கி ஒட்டச் சொல்லுங்கள். இப்போது அது பெரும்பாலும் அக்காவின் தலைக்கு மேலே இருக்கிறது. சில்லறையை மேசைமேல் தள்ளாமல் பிள்ளையின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைக்கச் சொல்லுங்கள். அந்த அக்காவிடம் இதையும் சொல்லிப் பார்த்தேன். பத்து நிமிடம் முன்னால் விட்டால் எண்ணி வைக்கத் தயார் என்றார், மணி அடிப்பவரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். தலைமையாசிரியர்கள் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். தேநீர் நேரத்தில் அதைப் பேசிவிடுவோம்.